கல்சியம் நைத்திரேற்றையும் எப்சம் உப்பையும் ஏன் ஒரே வாளியில் கலக்கக்கூடாது?

மாடியில்கீரை (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் வணக்கம். மொட்டை மாடியில் பீவீசீ பைப்பில், மண் இல்லாமல் சலாது வளர்க்கிறேன். உரம் வாங்கும் கடையில் இரண்டு பை தந்தார்கள். ஒன்று கல்சியம் நைத்திரேற்று. மற்றதில் எப்சம் உப்பு, அதாவது மகனீசியம் சல்பேற்று, அதோடு பொற்றாசியம் பொசுபேற்று, இரும்பு, இன்னும் கொஞ்சம் சில்லறைச் சாமான்கள். "இரண்டையும் தனித்தனியாகக் கரையுங்கள், செறிவாக இருக்கும்போது சேர்க்கவே வேண்டாம்" என்றார் கடைக்காரர். ஏன் என்று கேட்டதற்கு, "சேர்த்தால் பழுதாகிவிடும்" என்பதோடு நிறுத்திவிட்டார்.

சும்மா இருக்க முடியவில்லை. இரண்டிலும் ஒவ்வொரு கரண்டி எடுத்துத் தனித்தனிக் கிளாஸில் கரைத்தேன். இரண்டும் கண்ணாடி போலத் தெளிவு. ஒன்றை மற்றதில் ஊற்றினேன். உடனே வெள்ளையாகக் கலங்கி, கொஞ்ச நேரத்தில் அடியில் மா மாதிரிப் படிந்தது. அந்த வெள்ளை என்ன? நைத்திரேற்று கெட்டுப்போய்விட்டதா? அதுதானே செடிக்குத் தேவை, விலையும் அதற்குத்தானே?

கோட்டைரயில் (மருதானை)

சலாது கடையில் வாங்கினால் இவ்வளவு இரசாயனவியல் தேவைப்படாது என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

வடிதாள் (பம்பலப்பிட்டி)

நைத்திரேற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, கவலை வேண்டாம். அது முழுவதும் மேலே தெளிந்து நிற்கும் நீரில்தான் இருக்கிறது. கீழே படிந்தது பெரும்பாலும் ஜிப்சம், கல்சியம் சல்பேற்று. பொசுபேற்றும் அந்தப் பையில் இருப்பதால் கல்சியம் பொசுபேற்றும் கொஞ்சம் சேர்ந்திருக்கும்.

உப்பு கரைந்ததும் அது "கல்சியம் நைத்திரேற்று" என்ற ஒரே பொருளாக இருப்பதில்லை. கல்சியம் அயன் (மின்னேற்றமுள்ள துணிக்கை) ஒரு பக்கம், நைத்திரேற்று அயன் ஒரு பக்கம். மற்றக் கிளாஸிலும் மகனீசியம் தனியாக, சல்பேற்று தனியாக. இரண்டையும் ஊற்றும்போது நான்கும் ஒரே நீரில் ஓடித் திரிகின்றன. எந்தச் சோடி சேர்ந்தால் நீரில் தங்க முடியாதோ அந்தச் சோடி கீழே விழும். மகனீசியமும் நைத்திரேற்றும் சேர்ந்தாலும் தாராளமாகக் கரையும், ஆகவே அவை இரண்டும் அப்படியே நிற்கின்றன. கல்சியமும் சல்பேற்றும் அப்படி இல்லை. ஜிப்சம் ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 2.4 கிராம்தான் கரையும். நீங்கள் வைத்திருக்கும் கல்சியம் நைத்திரேற்றோ ஒரு லீற்றரில் ஒரு கிலோவுக்கு மேல் கரையக்கூடியது. எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள்.

கெட்டுப்போவது உங்கள் கல்சியமும் கந்தகமும்தான், நைதரசன் அல்ல.

மாடியில்கீரை

நன்றி சேர். ஆனால் இன்னொன்று இடிக்கிறது. கடைசியில் இரண்டையும் ஒரே தொட்டித் தண்ணீரில்தானே விடுகிறேன்? அங்கே கலங்கவில்லையே. கிளாஸில் மட்டும் ஏன்?

வடிதாள்

இதை நீங்கள் கேட்காவிட்டால் நானே கேட்டிருப்பேன். உயர்தரத்தில் கரைதிறன் பெருக்கம் (இரண்டு அயன்களின் செறிவையும் பெருக்கினால் வரும் தொகை தாண்டக்கூடாத எல்லை) படிப்பிக்கும்போது பிள்ளைகளுக்கு வெள்ளிக் குளோரைட்டைத்தான் உதாரணம் காட்டுவோம். உங்கள் மாடித் தொட்டி அதைவிட நல்ல உதாரணம்.

செடிக்குப் போகும் நீரில் கல்சியம் லீற்றருக்கு 200 மில்லிகிராம் அளவு வைப்பார்கள். அது 0.005 மூல் (அயன்களின் எண்ணிக்கையை அளக்கும் அலகு). மகனீசியம் 50 மில்லிகிராம் என்றால் அதோடு வரும் சல்பேற்று ஏறத்தாழ 0.002 மூல். இரண்டையும் பெருக்கினால் 0.00001. ஜிப்சத்தின் கரைதிறன் பெருக்கம் 25 பாகை செல்சியசில் 0.00003 அளவு. பெருக்கம் எல்லைக்குக் கீழே, எனவே ஒன்றும் படியாது.

இப்போது அதையே நூறு மடங்கு செறிவாக ஒரு போத்தலில் செய்து வைக்கப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். கல்சியம் 0.5 மூல், சல்பேற்று 0.2 மூல். பெருக்கம் 0.1. எல்லையை மூவாயிரம் மடங்கு தாண்டிவிட்டது. இரண்டு செறிவும் நூறு மடங்கு கூடினால் பெருக்கம் பத்தாயிரம் மடங்கு கூடும் என்பதை மாணவர்கள் அடிக்கடி மறப்பார்கள். அந்தப் போத்தலில் இருக்கும் சல்பேற்று ஏறக்குறைய முழுவதும் விழும். லீற்றருக்குச் சுமார் 34 கிராம் ஜிப்சம். கல்சியத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அதோடு போய்விடும்.

அதனால்தான் ஏ தொட்டி, பி தொட்டி என்று பிரித்து வைக்கிறார்கள். ஏ தொட்டியில் கல்சியம் நைத்திரேற்று. பி தொட்டியில் சல்பேற்றும் பொசுபேற்றும். பெரிய தொட்டியில் நீரை முதலில் நிரப்பி, ஒன்றை விட்டு நன்றாகக் கலக்கி, அப்புறம் மற்றதை விடவேண்டும்.

ஐதானஅமிலம் (தெஹிவளை)

சேர் சொல்வது சரி, ஒரு சின்னத் திருத்தம். உண்மையான கரைசலில் அயன்கள் ஒன்றையொன்று மறைப்பதால் செறிவை அப்படியே போட்டுப் பெருக்க முடியாது. ஜிப்சம் நீங்கள் கணக்குப் போடுவதைவிடக் கொஞ்சம் கூடவே கரையும். கரைதிறன் பெருக்கத்தின் வர்க்கமூலத்தை எடுத்தால் லீற்றருக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். 2.4 கிராம் என்பது அளந்து கண்டது. மூவாயிரம் மடங்கில் இது எடுபடாது என்பது வேறு கதை.

ஆனால் பொசுபேற்று இருக்கிறதே, அதுதான் உண்மையான தலைவலி. கல்சியம் ஐதரசன் பொசுபேற்று ஜிப்சத்தைவிட மிகக் குறைவாகக் கரையும். தொட்டியின் பிஎச் (அமில, கார அளவு) 5.5 இலிருந்து 6.5 க்குள் இருந்தால் பொசுபேற்றின் பெரும்பகுதி இரண்டு ஐதரசன் சேர்ந்த வடிவில் இருக்கும், கல்சியத்தோடு பேசாமல் கிடக்கும். பிஎச் ஏழைத் தாண்டினால் வடிவம் மாறும், ஐதான (செறிவு குறைந்த) நீரில்கூட மெல்லிய வெள்ளை படர ஆரம்பிக்கும். சலாது நைத்திரேற்றை உறிஞ்சும்போது வேர் பதிலுக்குக் கார அயன்களை வெளியே விடும், அதனால் பிஎச் தானாக ஏறிக்கொண்டே போகும். நைத்திரேற்று நேரடியாக எதையும் படியவைப்பதில்லை. ஆனால் செடி அதைச் சாப்பிடுவதால் படிவு வரலாம்.

கோட்டைரயில்

சரி, ஒரு கேள்வி, இம்முறை நக்கல் இல்லை. 34 கிராம் ஜிப்சம் விழுந்தது என்கிறீர்கள். அந்த ஒரு லீற்றரைக் கடைசியில் 100 லீற்றரில் விடத்தானே போகிறார்? லீற்றருக்கு 2.4 கிராம் கரையும் என்றால் 100 லீற்றரில் 240 கிராம் கரைய வேண்டும். 34 கிராம் என்ன பெரிய காரியம்? திரும்பக் கரைந்துவிடுமே. பிறகு எதற்கு இரண்டு தொட்டி?

வடிதாள்

கணக்கு சரி. கடைசிச் சமநிலையைப் பார்த்தால் கரையத்தான் வேண்டும். ஆனால் எப்போது என்று கரைதிறன் பெருக்கம் சொல்லாது. ஜிப்சம் மணிமணியாகப் படிந்து இறுகினால் மிக ஆறுதலாகத்தான் கரையும். அதற்குள் அது பம்பின் வடியில் இருக்கும், சொட்டுக் குழாயின் ஓட்டையில் இருக்கும். போத்தலைக் குலுக்காமல் மேல் நீரை மட்டும் விட்டால் செடிக்குக் கல்சியம் குறைந்த கரைசல்தான் போகும்.

கல்சியம் குறைந்தால் சலாதின் இளம் இலையின் ஓரம் கருகும். கொழும்புக் காற்றில் ஈரப்பதன் கூட என்பதால் இலை நீரை ஆவியாக விடுவது குறைவு, கல்சியம் உள்ளிலைக்கு ஏறுவதும் குறைவு. கரைசலில் போதியளவு கல்சியம் இருந்தாலே இங்கே சில நேரம் கருகும். இருப்பதையும் ஜிப்சமாக இறக்கிவிடலாமா?

ஏஎல்பிள்ளை (கொட்டாஞ்சேனை)

அண்ணாமார், அக்காமார், இது எங்கள் பாடத்திட்டத்துக்கு நேராக வருகிறது, அதனால் நுழைகிறேன். எங்கள் வகுப்பில் "எல்லா நைத்திரேற்றுக்களும் நீரில் கரையும்" என்று ஒரு வரியில் எழுதிப்போட்டார்கள். ஏன் என்று கேட்டால் "பாடமாக்கு" என்றார்கள். ஏன்?

வடிதாள்

நைத்திரேற்று அயனில் மறை ஏற்றம் ஒன்றுதான். அது மூன்று ஒட்சிசன்களிலும் பரவி இருக்கிறது. தட்டையான அயன். கற்றயனை (நேர் ஏற்றமுள்ள அயனை) இறுகப் பிடிக்க அதற்கு வலு போதாது. சல்பேற்று, காபனேற்று, பொசுபேற்று எல்லாம் இரண்டு மூன்று ஏற்றம் கொண்டவை, இரு ஏற்றக் கல்சியத்தையும் பேரியத்தையும் ஈயத்தையும் விடவே விடா. நைத்திரேற்றிடமிருந்து நீர் மூலக்கூறுகள் கற்றயனைச் சுலபமாகப் பிரித்தெடுத்துவிடும்.

ஐதானஅமிலம்

இந்த விளக்கத்தைப் பரீட்சையில் எழுதினால் புள்ளி கிடைக்கும், ஆனால் பாதிதான் உண்மை. பேர்குளோரேற்றைப் பாருங்கள். அதிலும் ஒற்றை ஏற்றம், அது நான்கு ஒட்சிசனில் பரவியிருக்கிறது, இன்னும் பெரிய அயன். ஆனால் பொற்றாசியம் பேர்குளோரேற்று அறை வெப்பநிலையில் 100 மில்லிலீற்றருக்கு இரண்டு கிராம்கூடச் சரியாகக் கரையாது. ஏற்றம் குறைவு, ஆகவே கரையும் என்றால் இது ஏன் கரையவில்லை?

பொற்றாசியம் நைத்திரேற்றே 0 பாகையில் 100 மில்லிலீற்றருக்கு 13 கிராம்தான். 20 பாகையில் 32 கிராம். 100 பாகையில் 246 கிராம். "கரையும்" என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவு பெரிய வீச்சு இருக்கிறது. அது கரையும்போது முகவை குளிர்கிறது, அதாவது வெப்பத்தை உள்ளெடுக்கிறது. சக்திக் கணக்கில் மட்டும் பார்த்தால் நட்டம். எந்திரப்பி (ஒழுங்கின்மை) கூடுவதால்தான் கரைகிறது. சூடாக்கினால் கரைதிறன் இப்படிப் பாய்வதற்கும் அதே காரணம். சாப்பாட்டு உப்பு இந்த விளையாட்டு ஒன்றும் காட்டாது, 20 பாகையில் 36 கிராம், 100 பாகையில் 39 கிராம்.

வடிதாள்

பேர்குளோரேற்றைக் கொண்டுவந்தது நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன், ஏற்றம் மட்டும் போதாது. சாலகச் சக்தி (திண்மத்தில் அயன்களைச் சேர்த்துப் பிடிப்பது), நீரேற்றச் சக்தி (நீர் அயன்களைப் பிடிப்பது), எந்திரப்பி மூன்றுக்கும் இடையே நடக்கும் இழுபறி அது. நைத்திரேற்றில் அந்த இழுபறி எப்போதும் கரையும் பக்கமே சாய்கிறது. தம்பி, பரீட்சைக்கு என் விளக்கம், பல்கலைக்கழகத்துக்கு அவர் விளக்கம்.

ஏஎல்பிள்ளை

தம்பி இல்லை, தங்கச்சி 🙂 அப்படியென்றால் விதிவிலக்கே இல்லையா?

ஐதானஅமிலம்

இருக்கிறது தங்கச்சி. பிசுமது நைத்திரேற்றை ஐதான நைத்திரிக்கமிலத்தில் கரைத்து, அந்தத் தெளிந்த கரைசலை நிறைய நீரில் ஊற்றிப் பாருங்கள். வெள்ளையாக விழும். நீர் பகுத்து மூல நைத்திரேற்றை உண்டாக்குகிறது, அந்தத் திண்மத்துக்குள் நைத்திரேற்றும் அகப்படுகிறது. அமிலம் சேர்த்தால் மறுபடி கரையும். பழைய காலத்தில் வயிற்று மருந்தாகக் கொடுத்தது இதைத்தான். அடுத்தது நைத்திரன் என்ற சேதனச் சேர்வை. அது நைத்திரேற்றோடு சேர்ந்து கரையாத திண்மமாக விழும், நைத்திரேற்றை நிறுத்து அளக்க ஒரு காலத்தில் பயன்பட்டது. இரண்டுமே உங்கள் பாடத்துக்கு வெளியே. பரீட்சையில் "எல்லாம் கரையும்" என்றே எழுதுங்கள்.

ஏஎல்பிள்ளை

சரி அண்ணா. அப்படியென்றால் ஆய்வுகூடத்தில் வெள்ளி நைத்திரேற்று, ஈய நைத்திரேற்று, பேரியம் நைத்திரேற்று என்று எல்லாவற்றுக்கும் நைத்திரேற்றையே எடுப்பது இதனாலா?

வடிதாள்

இதனாலேதான். வெள்ளியையோ ஈயத்தையோ கரைந்த நிலையில் வைத்திருக்க வேண்டும். வெள்ளிக்குளோரைட்டு கரையாது, ஈயச்சல்பேற்று கரையாது. நைத்திரேற்று எந்தக் கற்றயனையும் கரைசலில் தூக்கிப் பிடிக்கும், நடக்கிற தாக்கத்தில் தலையிடாமல் ஒதுங்கி நிற்கும். ஈய நைத்திரேற்றில் பொற்றாசியம் அயடைட்டை விட்டால் கடும் மஞ்சள் விழும். சூடாக்கினால் கரையும், ஆறும்போது பொன் தகடுகளாக மின்னி மின்னி இறங்கும். உயர்தர ஆய்வுகூடத்தில் நான் பார்த்ததில் மிக அழகான காட்சி அதுதான், ஈயம் நஞ்சு என்பதால் இப்போது பல பாடசாலைகளில் காட்டுவதைக் குறைத்துவிட்டார்கள், எனக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்.

வெள்ளி நைத்திரேற்றை விட்டுக் குளோரைட்டைச் சோதிக்கும்போது மாணவர்கள் வழக்கமாகத் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. சோதிக்கும் கரைசலை முதலில் ஐதான நைத்திரிக்கமிலத்தால் அமிலமாக்க வேண்டும். காபனேற்று இருந்தால் அதுவும் வெள்ளியோடு விழுந்து ஏமாற்றும், அமிலம் அதை வாயுவாக வெளியேற்றிவிடும். ஐதரோகுளோரிக்கமிலத்தைச் சேர்த்தால் நீங்களே குளோரைட்டை உள்ளே கொண்டுவந்தீர்கள், கதை முடிந்தது. மேலே சொன்ன அதே குணத்தால்தான் அமிலத்திலும் நைத்திரேற்று.

குழாய் நீரில் வெள்ளி நைத்திரேற்றைக் கரைக்கவும் கூடாது. கொழும்புக்கு வரும் நீரின் பெரும்பங்கு களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் சுத்திகரித்து, குளோரின் சேர்த்து வருவது. கொஞ்சம் குளோரைட்டு இருக்கும், கரைக்கும்போதே கலங்கும். கடற்கரைப் பக்கத்துக் கிணற்று நீர் என்றால் சொல்லவே வேண்டாம். காய்ச்சி வடித்த நீர் இல்லாவிட்டால் பெற்றோல் ஷெட்டில் விற்கும் பற்றரித் தண்ணீர் ஓரளவு சமாளிக்கும்.

கோட்டைரயில்

நைத்திரேற்று இவ்வளவு சாதுவா? நான் படித்த காலத்தில் கபில வளையம், கபில வாயு, வெடிமருந்து என்று பெரிய ரவுடியாக அல்லவா சொல்லித் தந்தார்கள்.

ஐதானஅமிலம்

இரண்டும் உண்மை. நடுநிலையான, குளிர்ந்த, ஐதான கரைசலில் அது சாது. வெப்பவியக்கப்படி பார்த்தால் அது நல்ல ஒட்சியேற்றி, ஆனால் தாக்கம் தொடங்குவதே இல்லை என்னும் அளவுக்கு மந்தம். ஐதரசன் அயன் நிறையக் கிடைத்தால்தான் ஒட்சிசன்களை இழக்க வழி பிறக்கும்.

செப்பை வைத்துப் பார்த்தால் நன்றாக விளங்கும். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் செப்புக் கம்பியைத் தொங்கவிட்டால் வெள்ளி ஊசி ஊசியாக வளரும், கரைசல் நீலமாகும். அங்கே செப்பின் இலத்திரனை வாங்கியது வெள்ளி அயன். நைத்திரேற்று வேடிக்கை பார்த்தது. அதே கம்பியை நைத்திரிக்கமிலத்தில் போட்டால் வாங்குவது நைத்திரேற்று. ஐதான அமிலத்தில் நிறமற்ற நைத்திரிக்கொட்சைட்டு வரும், அது காற்றைத் தொட்டதும் கபிலமாகும். செறிந்த அமிலத்தில் நேரே கபில நைதரசனீரொட்சைட்டு. அந்த வாயு நுரையீரலைக் கெடுக்கும், பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். வீட்டில் யாரும் செய்ய வேண்டாம்.

வெள்ளி நைத்திரேற்று பட்டால் விரல் கறுப்பதற்கும் நைத்திரேற்றைக் குறை சொல்வார்கள். அதுவும் வெள்ளியின் வேலைதான், தோலில் தாழ்த்தப்பட்டு நுண்ணிய உலோகமாகப் படிகிறது.

மட்டுறுத்துநர்

வெடிமருந்துப் பக்கம் இழை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டமும் பாடமும் போதும்.

ஏஎல்பிள்ளை

கபில வளையத்தை மட்டும் ஒருமுறை சொல்லிவிடுங்கள் சேர், எனக்கு அது ஒருநாளும் ஒழுங்காக வந்ததில்லை.

வடிதாள்

நைத்திரேற்று இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. நைத்திரேற்றுக் கரைசலில் புதிதாகக் கரைத்த பெரசுசல்பேற்றை (இரு ஏற்ற இரும்பு, அதாவது 'இரும்பு இரண்டு', உள்ள உப்பை) விடுவது. குழாயைச் சரித்து, செறிந்த சல்பூரிக்கமிலத்தைச் சுவர் வழியே மெதுவாக இறக்குவது. அமிலம் பாரம், கீழே போய்த் தனிப் படையாக நிற்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் நைத்திரேற்றுக்குத் தேவையான அமிலம் கிடைக்கிறது. ஒரு நைத்திரேற்று, மூன்று 'இரும்பு இரண்டு' அயன்களை 'இரும்பு மூன்று' அயன்களாக ஒட்சியேற்றி, தான் நைத்திரிக்கொட்சைட்டாகிறது. அந்த நைத்திரிக்கொட்சைட்டு, மிச்சமிருக்கும் இரும்பு இரண்டோடு ஒட்டிக்கொண்டு கபில நிறச் சிக்கலைத் தருகிறது. குலுக்கினால் போச்சு, சூடேறினாலும் போச்சு. உங்களுக்கு வராமல் போவதற்குப் பழைய பெரசுசல்பேற்றுக் கரைசல் காரணமாக இருக்கலாம், அது போத்தலிலேயே ஒட்சியேறி மஞ்சளாகியிருக்கும். நைத்திரைற்று (நைத்திரேற்றைவிட ஓர் ஒட்சிசன் குறைந்த அயன்), புரோமைட்டு, அயடைட்டு இருந்தாலும் குழப்பும்.

இந்த இழைக்குப் பொருத்தமான பொறி இன்னொன்று. தந்த உப்பு பேரியம் நைத்திரேற்றோ ஈய நைத்திரேற்றோ என்றால், பெரசுசல்பேற்றை விட்டவுடனேயே சல்பேற்று வெள்ளையாக விழும். மாடியில்கீரையின் கிளாஸில் நடந்ததேதான். வடித்துவிட்டு மேற்கொண்டு போகவேண்டும்.

ஐதானஅமிலம்

எனக்கு வளையத்தைவிடத் தேவார்டா கலப்புலோகம்தான் பிடிக்கும். செப்பு 50, அலுமினியம் 45, நாகம் (துத்தநாகம்) 5 சதவீதம். சோடியமைதரொட்சைட்டோடு சூடாக்கினால் நைத்திரேற்று அமோனியாவரை தாழ்த்தப்படும், ஈரச் சிவப்புப் பாசிச்சாயத்தாள் நீலமாகும்.

இதைக் கடையில் விற்கும் கல்சியம் நைத்திரேற்றில் செய்தால் ஒரு வேடிக்கை. உர வகைக் கல்சியம் நைத்திரேற்று தனிச் சேர்வை அல்ல, அமோனியம் நைத்திரேற்றோடு சேர்ந்த இரட்டை உப்பு. பையில் நைதரசன் 15.5 சதவீதம், கல்சியம் 19 சதவீதம் என்று போட்டிருக்கும், அந்த நைதரசனில் ஒரு சதவீதப் புள்ளி அளவு அமோனியமாக இருக்கும். காரத்தோடு சூடாக்கினால் கலப்புலோகம் போடுவதற்கு முன்பே அமோனியா மணக்கும், கல்சியமைதரொட்சைட்டும் வெள்ளையாக விழும். மணம் நிற்கும்வரை கொதிக்கவிட்டு, அப்புறம் கலப்புலோகத்தைப் போட வேண்டும். இப்போது இரண்டாம் முறை வரும் அமோனியாதான் நைத்திரேற்றினுடையது. முதல் மணத்தை வைத்து விடை எழுதினால் அமோனியத்துக்குத்தான் சான்று சொன்னீர்கள்.

கோப்பாய்க்காரி (தெஹிவளை)

நான் இரசாயனவியல் படித்தவள் இல்லை, வாசித்துக்கொண்டு வந்ததில் ஒரு கேள்வி எழுந்தது. அம்மா ஊரில், கோப்பாயில் இருக்கிறா. சுற்றிவர வெங்காயத் தோட்டம். கிணற்று நீரில் நைத்திரேற்று கூட என்று பரிசோதனையில் வந்தது. நான் படிகாரம் போடலாமா, கொதிக்கவைத்து வடிக்கலாமா, பழைய ஆட்கள் செய்வது போலத் தேத்தாங்கொட்டை உரைத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எல்லோரும் "நைத்திரேற்று படியவே படியாது" என்று எழுதுவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

ஐதானஅமிலம்

அக்கா, நீங்கள் பிடித்தது சரியான இடத்தை. படிகாரம் நீரில் அலுமினியம் ஐதரொட்சைட்டாகத் திரண்டு சேற்றையும் தூசியையும் பிடித்துக்கொண்டு இறங்கும், தேத்தாங்கொட்டையும் கலங்கலைத்தான் தெளியவைக்கும். கரைந்திருக்கும் நைத்திரேற்றை இரண்டும் தொடாது. மண் வடி, கரி வடி இரண்டும் அப்படியே.

நைத்திரேற்றைப் பொறுத்தவரை கொதிக்கவைப்பதால் நன்மை இல்லை, கெடுதிதான். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நீரைக் கொதிக்கவைத்தால் கேத்தலில் வெள்ளை படிகிறதே, அது கல்சியம் காபனேற்று. இருகாபனேற்று சிதைந்து விழுகிறது. அதைப் பார்த்து நீர் சுத்தமாகிவிட்டது என்று நினைப்போம். நைத்திரேற்று ஆவியாகாது, படியாது. நீர் பாதியாக வற்றினால் அதன் செறிவு இரண்டு மடங்கு.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. பரிசோதனைத் தாளில் "நைதரசனாக" என்று போட்டிருந்தால் அதே அளவு 11.3 தான். ஆகவே தாளில் எது எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 20 என்று இருந்து அது நைத்திரேற்றாக என்றால் பிரச்சினை இல்லை, நைதரசனாக என்றால் எல்லையைத் தாண்டிவிட்டது.

கோப்பாய்க்காரி

"நைதரசனாக" என்றுதான் இருக்கிறது. 17.

ஐதானஅமிலம்

அப்படியென்றால் நைத்திரேற்றாக ஏறத்தாழ 75. கூடத்தான். அம்மாவைவிட, வீட்டில் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை யாராவது இருந்தால்தான் உடனடி ஆபத்து, பால்மா கரைத்துக் கொடுக்க அந்த நீரை எடுக்கவே கூடாது. குழந்தையின் உடலில் பற்றீரியா நைத்திரேற்றை நைத்திரைற்றாகத் தாழ்த்தும். நைத்திரைற்று ஈமோகுளோபினில் உள்ள இரும்பு இரண்டை இரும்பு மூன்றாக்கிவிடும், அப்புறம் அது ஒட்சிசனைத் தூக்காது. குழந்தை நீலம் பாரிக்கும். இரும்பு இரண்டு மூன்றாவது மேலே வளையத்திலும் வந்தது, ஏஎல்பிள்ளை கவனிக்கவும்.

நீக்குவதற்கு வழி இருக்கிறது, ஆனால் எதுவும் படியவைக்கும் வழி இல்லை. பின்னோக்கிய பிரசாரண வடி (ஆர்.ஓ. வடி) நன்றாகக் குறைக்கும், கழிவு நீர் நிறையப் போகும். அயன்மாற்றுப் பிசின் நைத்திரேற்றை வாங்கிக்கொண்டு குளோரைட்டைத் தரும், உப்பு நீரால் புதுப்பிக்கலாம். ஆனால் சாதாரணப் பிசின் சல்பேற்றையே முதலில் விரும்பும், அதனால் நீரில் சல்பேற்று எவ்வளவு என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். பெரிய அளவில் பற்றீரியாவை விட்டு நைதரசன் வாயுவாக்குவார்கள், அது வீட்டுக்குச் சரிவராது.

வடிதாள்

குடிக்கவும் சமைக்கவும் மட்டும் குழாய் நீரோ ஆர்.ஓ. வடியில் வடித்த நீரோ வாங்கிக்கொடுப்பதுதான் இப்போதைக்குச் சுலபம். குளிக்க, துவைக்க அந்தக் கிணறு போதும். மாரி முடிந்தபின் ஒருமுறை, கோடையில் ஒருமுறை பரிசோதியுங்கள். தோட்டத்துக்குப் போடும் உரம் மண்ணில் எதனோடும் சேர்ந்து தங்காமல் மழையோடு கிணற்றுக்கு இறங்குவதற்கும் இந்தக் கரைதிறன்தான் காரணம். யூரியா போட்டாலும் மண் பற்றீரியா அதை நைத்திரேற்றாக்கிவிடும், மலசலகூடக் குழியிலிருந்தும் அப்படியே.

கோட்டைரயில்

2021 இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தபோது கிணறுகள் எல்லாம் சுத்தமாகியிருக்குமே 😏

வடிதாள்

மே மாதம் போட்டு நவம்பரில் எடுத்த தடை அது. பல வருடமாக நிலத்தடிக்கு இறங்கியது ஆறு மாதத்தில் வெளியேறாது. கோழி எருவும் மாட்டெருவும் நைத்திரேற்றாக மாறாது என்று யார் சொன்னது? அரசியலை வேறு இழையில் பேசுவோம்.

கோப்பாய்க்காரி

மிக்க நன்றி இருவருக்கும். தங்கச்சி வீட்டுக் கைக்குழந்தை வருகிற மாதம் ஊருக்குப் போகிறது, இப்போதே சொல்லிவைக்கிறேன்.

ஏஎல்பிள்ளை

கடைசிக் கேள்வி. அலுமினியம் நைத்திரேற்றுக் கரைசலில் சோடியம் காபனேற்றை விட்டால் அலுமினியம் காபனேற்று விழும் என்று எழுதினேன், பிழை என்று வெட்டிவிட்டார்கள்.

வடிதாள்

வெட்டியது சரி. அலுமினியம் அயன் சிறிது, ஏற்றம் மூன்று, தன்னைச் சுற்றியுள்ள நீரிலிருந்து ஐதரசன் அயனை உதறும். அந்தக் கரைசலே அமிலம். காபனேற்று அந்த ஐதரசன் அயனை வாங்கிக் காபனீரொட்சைட்டாகக் குமிழி விடும், விழுவது அலுமினியம் ஐதரொட்சைட்டு. இரும்பு மூன்று நைத்திரேற்றிலும் இதேதான், செங்கபிலமாக. இரட்டைப் பிரிகை என்று கண்ணை மூடிக்கொண்டு சோடி மாற்றினால் இந்த இடத்தில் அகப்படுவீர்கள்.

மாடியில்கீரை

இழையைத் தொடங்கியவன் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். கல்சியம் நைத்திரேற்றுப் பையைத் திறந்து வைத்தால் இரண்டு நாளில் கசிந்து கூழாகிவிடுகிறது. நிறுத்துப் போட்டால் எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணீர் என்றே தெரியவில்லை.

ஐதானஅமிலம்

அது காற்றிலிருந்து நீரை இழுக்கும் உப்பு, கொழும்பில் தப்ப முடியாது. புதுப் பை திறந்த அன்றே முழுவதையும் கரைத்துவிடுங்கள். ஒரு கிலோ பை என்றால் கரைத்து மொத்தம் 10 லீற்றராக்கினால் லீற்றருக்கு 100 கிராம். தொட்டி நீரில் ஒவ்வொரு லீற்றருக்கும் அதில் பத்து மில்லிலீற்றருக்குக் கொஞ்சம் கூட விட்டால் நீங்கள் தேடும் 200 மில்லிகிராம் கல்சியம் வந்துவிடும். எப்சம் உப்பு மட்டும் தனிப் பையில் இருந்தால் அதைத் தனியாக, லீற்றருக்கு 49 கிராமாகக் கரைத்து அதிலும் பத்து மில்லிலீற்றர்.

மாடியில்கீரை

கரைத்து வைத்தால் நாள்பட்டுக் கெடாதா? வெள்ளி நைத்திரேற்றைக் கபிலப் போத்தலில் வைப்பார்களே.

ஐதானஅமிலம்

அது வெள்ளிக்காக. கல்சியம் நைத்திரேற்று வெளிச்சத்துக்கு அசையாது. ஆனாலும் கறுப்புக் கேனில் ஊற்றி மூடி வையுங்கள். வெயில் படும் இடத்தில் கேனுக்குள் ஒளி புகுந்தால் பாசி பிடிக்கலாம். பிடித்தால், உங்கள் சலாதுக்கு முந்திப் பாசி அந்த நைத்திரேற்றைச் சாப்பிடத் தொடங்கும்.